ராத்திரி பத்து மணிக்கு ஏன் விரலில் குத்தினார்கள்?

போன இதழில், வேலையிலிருந்து ஓய்வுபெறும் முன் யானைக்கால் நோய்க் குழுவில் நுண்ணோக்கி பார்த்துக்கொண்டிருந்தவன் நான் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த மாதம் வேறு கேள்விகளை எடுக்கவில்லை.

கேள்வி (பட்டர்வொர்த் வாசகி): ஐயா, சின்ன வயதில் பேராக்கில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். ஒருநாள் ராத்திரி பத்து மணிக்குமேல் ஆட்கள் வந்து, தூங்கிக்கொண்டிருந்த எங்களை எழுப்பி விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். பகலில் வந்திருக்கக் கூடாதா? அந்த ரத்தத்தை வைத்து என்ன செய்தார்கள்?

பதில்: உங்கள் வீட்டுக்கு வந்தது எங்களைப் போன்ற ஒரு குழுதான் அம்மா. யானைக்காலை மலாய்க்காரர்கள் உந்துட் என்பார்கள். நம் மலேசியாவில் அதற்குக் காரணம் பெரும்பாலும் புருகியா மலாயி என்கிற நூல் போன்ற புழு. தாய்ப்புழு நிணநீர்க் குழாயில் குடியிருக்கும். அது ஈனும் குட்டிகள் பகலெல்லாம் நுரையீரல் பக்கத்து ரத்தக் குழாய்களில் பதுங்கிக் கிடந்து, ஊர் அடங்கியபின் தோலுக்கடியில் ஓடும் ரத்தத்துக்கு வரும். கொசு கடிக்கிற நேரத்துக்கு அந்தப் புழு பழகிவிட்டது. பகலில் ரத்தம் எடுத்தால் சிலைடு சுத்தமாக இருக்கும், நோயில்லாத ஊர் என்று எழுதிவிட்டு வந்துவிடுவோம். யானைக்கால் புழு கொசுவுக்குள் போய் வளர்கிறது என்பதை 1877-இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் இருந்த பேட்ரிக் மேன்சன் என்கிற மருத்துவர் கண்டார், தம் தோட்டக்காரரைக் கடித்த கொசுக்களை அறுத்துப் பார்த்து.

விடிந்தால் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகவேண்டிய ஜனங்கள். அவர்களைப் பத்து மணிக்கு எழுப்பினால் திட்டத்தானே செய்வார்கள்? வாங்கிக்கொள்வோம். மூன்று சொட்டு ரத்தம், கண்ணாடிச் சிலைடில் மூன்று கோடாக இழுத்து, எறும்பும் ஈயும் நக்கிவிடாதபடி பெட்டியில் அடுக்கி உலரவிடுவோம். மறுநாள் தண்ணீரில் அமிழ்த்திச் சிவப்பு நிறத்தைப் போக்கி, கீம்சா சாயம் போட்டுப் பார்க்கவேண்டும். மங்கலான நீலத்துக்கு நடுவே, ரோஜா நிற உறை போர்த்திய ஒரு சின்ன நூல் நெளிந்து கிடக்கும். அதன் வால் நுனியில் தனித்தனியாக இரண்டு புள்ளிகள் தெரிந்தால் புருகியா மலாயிதான். தமிழ்நாட்டில் யானைக்காலை உண்டாக்கும் உச்சரீரியாவுக்கு அந்தப் புள்ளிகள் கிடையாது. அந்த இரண்டு புள்ளியைத் தேடியே என் கண் பார்வை தேய்ந்தது, அதில் எனக்கு வருத்தமில்லை.

அப்புறம் அந்தச் சிலைடின் எண்ணை வரைபடத்தில் தேடுவோம். அப்போது ஜிபிஎஸ் கிடையாது. பெரிய தாளில் ஆறு, மண்சாலை, கோயில், கடை, லயம் லயமாக வீடுகள் என்று நாங்களே கையால் வரைந்திருப்போம். புழு கிடைத்த வீட்டுக்குச் சிவப்பு மை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சதுப்புக் காட்டை ஒட்டிய ஒரு தோட்டம். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) கொடுத்த பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி ரத்தம் எடுத்தோம். ஒரு சிவப்புகூட விழவில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. பட்டியலைத் திரும்பப் பார்த்தபோதுதான் புரிந்தது: அதில் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்கள் பதிவேட்டில், இருப்பவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். வேலை முடிந்து வீட்டோடு இருக்கும் கிழவர்கள் இல்லை, குத்தகை ஆட்கள் இல்லை, பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் இல்லை. மூன்றாம் ராத்திரி பட்டியலைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுக் கதவு கதவாகத் தட்டினோம். கடைசி லயத்தின் கடைசி வீடு. பின்வாசலிலிருந்து முப்பது நாற்பது எட்டு வைத்தால் சதுப்பு. ஒரு பாட்டி கைலியை இழுத்துக் காலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே தூண் மாதிரி வீக்கம். ஆள் வந்தால் சமையல்கட்டுக்குள் போய்விடுவாராம், வருஷக்கணக்காக.

பாட்டியின் சிலைடில் ஒன்றுமில்லை. ஏழெட்டு வயதுப் பேரன், கபடி விளையாடுகிற துடியான பையன், அவன் சிலைடில் பதினொன்று.

இந்த நோயைப் பற்றி எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கால் வீங்கியவர் ரத்தத்தில் பெரும்பாலும் குட்டிப்புழு இருக்காது. அந்த வீக்கம் என்றைக்கோ நடந்து முடிந்த சேதம். கொசுவுக்குப் புழுவைக் கொடுத்துக்கொண்டிருப்பவர் வெளியே ஒரு குறையும் தெரியாமல் நடமாடுகிறவர். வீங்கிய கால்களை எண்ணி வரைபடம் போட்டால் அது இருபது முப்பது வருஷத்துக்கு முந்தைய வரைபடம். அதோடு, ரத்தம் எடுக்காத வீட்டையும் ரத்தம் சுத்தமாக இருந்த வீட்டையும் ஒரே வெள்ளையாக விட்டால் அந்த வரைபடமே பொய். அன்றிலிருந்து எடுக்காத வீடுகளுக்கு நான் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தேன்.

சதுப்பைச் சொன்னேன் இல்லையா, அதற்கும் காரணம் உண்டு. மலேரியாவுக்குக் கால்வாயில் எண்ணெய் தெளித்ததைத் தோட்டத்து ஆட்கள் பார்த்திருப்பீர்கள். கொசுப்புழு மூச்சு விட மேலே வரும்போது எண்ணெய் அதை அடைத்துக் கொல்லும். யானைக்காலைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் புழு மேலே வருவதே இல்லை. ஆகாயத்தாமரை மாதிரி நீர்ச்செடிகளின் வேரைத் துளைத்து, வேருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டு அடியிலேயே கிடக்கும். சதுப்புக் காட்டில் மரவேரையே பிடித்துக்கொள்ளும் இனங்களும் உண்டு. எண்ணெய் அவற்றை ஒன்றும் செய்யாது. செடி எங்கே மிதக்கிறது என்பதையும் வரைபடத்தில் பச்சை மையால் குறித்தது அதனால்தான்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம் வாசகர்): என் தங்கை சபாவில் உட்பகுதிப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. அங்கே முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் யானைக்கால் பரிசோதனை செய்தார்களாம். கால் வீங்குவது பெரியவர்களுக்குத்தானே?

பதில்: பிள்ளைகள்தான் நல்ல சாட்சி. 2004 முதல் 2008 வரை நம் நாட்டில் நோய் இருந்த பகுதிகளில் வருஷத்துக்கு ஒரு முறை டிஇசி, அல்பெண்டசோல் என்கிற இரண்டு புழு மாத்திரைகளையும் ஊர் முழுக்கக் கொடுத்தார்கள். தாய்ப்புழு ஆறு முதல் எட்டு ஆண்டு உயிரோடு இருக்கக்கூடியது. பெரியவர் உடம்பில் அடையாளம் தெரிந்தால் அது பழையதா புதியதா என்று சொல்வது கஷ்டம். ஆறு ஏழு வயதுப் பிள்ளையிடம் தெரிந்தால், அந்தப் பிள்ளை பிறந்த பிறகான இந்தச் சில வருஷங்களுக்குள்தான் கொசு கடித்திருக்க வேண்டும். அதாவது அந்த ஊரில் நோய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது ராத்திரியில் எழுப்பவும் வேண்டாம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் (ஆமாம், நம் கெளுகோரில் தலைமை வளாகம் இருக்கிற அதே யூஎஸ்எம்தான்) பேராசிரியர் ரஹ்மா நோர்டின் குழுவினரின் ஆராய்ச்சியிலிருந்து ஒரு சோதனை அட்டை வந்தது. புருகியாவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை அது காட்டும். விரல் நுனி ரத்தம் போதும், பட்டப்பகலில் வகுப்பறையிலேயே முடித்துவிடலாம். வெளிநாடுகளிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. உங்கள் தங்கையிடம் ஒன்று சொல்லுங்கள்: அன்று பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பெயரையும் சோதனைக்கு வந்தவர்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (ஜெலுத்தோங் வாசகி): பூனைக்கும் இந்தப் புழு வருமாமே? எங்கள் வீட்டில் நான்கு பூனைகள்.

பதில்: சதுப்புக் காட்டோரத்தில் இருக்கும் ஒரு வகை புருகியா பூனையிலும் லோத்தோங் குரங்கிலும் வாழும். மனிதர்களுக்கு மட்டும் மாத்திரை கொடுத்து அந்த இடங்களில் நோயை ஒழிப்பது சிரமமாக இருப்பதற்கு இதுவும் காரணம். ஆனால் பூனையைத் தூக்கிக் கொஞ்சினால் ஒட்டாது, நடுவில் கொசு வேண்டும். ஜெலுத்தோங்கில் பயப்படாமல் வளருங்கள்.

கேள்வி (செந்தூல், பெயர் வேண்டாம்): அம்மாவுக்கு இடது கால் பல வருஷமாக வீங்கியிருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர். வீட்டில் தனித் தட்டு, தனிப் பாய். ஒட்டிவிடும் என்று அண்ணி சொல்கிறார். மருந்து உண்டா?

பதில்: தனித் தட்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். தட்டாலும் பாயாலும் தொட்டாலும் இது ஒட்டாது. மேலே சொன்ன பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள், அவர் யாருக்கும் நோயைக் கொடுக்கவில்லை. கால் வீங்க வேறு காரணங்களும் இருக்கின்றன, இதயம், சிறுநீரகம், ரத்தக் குழாய் அடைப்பு. அதனால் முதலில் அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதையும் சொல்லுங்கள். யானைக்கால்தான் என்று உறுதியானால், முற்றிய வீக்கம் பழையபடி வற்றுவது அரிது. ஆனால் அடிக்கடி வரும் காய்ச்சலையும் வலியையும் நன்றாகக் குறைக்கலாம். தினமும் சாதா சோப்பும் சுத்தமான தண்ணீரும் போட்டு, மடிப்பு மடிப்பாக, தேய்க்காமல் கழுவுங்கள். மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். கால்விரல் இடுக்கில் ஈரம் நிற்கவே கூடாது, அங்கே ஏற்படும் வெடிப்பு வழியாகத்தான் கிருமி நுழைகிறது. உட்காரும்போது காலை ஒரு முக்காலி மேல் தூக்கி வைக்கட்டும், கணுக்காலை மேலும் கீழும் அசைக்கட்டும். செருப்பு அகலமாக, உராயாததாக இருக்கட்டும்.

முதல் ஒரு வாரம் நீங்களே கழுவிவிடுங்கள். அண்ணியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.