வெந்நீர் ஊற்று விடுதியில் சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கேள்வி: டிசம்பர் நடுவில் அப்பா, அம்மா, மனைவியோடு ஜப்பான் போகிறேன். ஒரு இரவு கினோசாகியில் பழைய பாணி வெந்நீர் ஊற்று விடுதியில் தங்க ஆசை. நாங்கள் நால்வரும் முட்டைகூடத் தொடாத சைவம். “வெஜ் மீல் கன்ஃபர்ம், ப்ரைவேட் ஆன்சென்னும் (வெந்நீர் ஊற்றுக் குளியல்) உண்டு” என்று சொல்லி ஏஜென்ட் முழுப் பணத்தையும் இப்போதே கேட்கிறார். நம்பலாமா? அம்மா பொதுக் குளியலில் இறங்கவே மாட்டார். – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். முதலில் விடுதியின் பெயரைக் கேளுங்கள். “அதே தரத்தில் ஒன்று போட்டுத் தருகிறோம்” என்று இழுத்தால், அவர் இன்னும் எந்த விடுதியோடும் பேசவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லிவிட்டால், சாப்பாடு பற்றி அந்த விடுதி எழுதிய பதிலைக் காட்டச் சொல்லுங்கள். ஏஜென்ட் எழுதிய கடிதத்தை அல்ல, விடுதிக்காரர்கள் எழுதிய பதிலை. இந்தத் தொழிலில் ‘கன்ஃபர்ம்’ என்றால் பல சமயம் இவ்வளவுதான்: முன்பதிவுத் தளத்தில் ‘சிறப்புக் கோரிக்கை’ என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் ‘வெஜ்’ என்று தட்டிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். கோரிக்கை நிறைவேறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று அதே பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதை யார் படிக்கிறார்கள்?

ரியோகான் எனப்படும் இந்த விடுதிகளில் வாடகை பெரும்பாலும் அறைக்கு அல்ல, ஆளுக்கு. இரவு உணவும் காலை உணவும் அதற்குள் அடக்கம். இரவு உணவு என்பது மெனு பார்த்துச் சொல்லுகிற சமாசாரம் இல்லை. இத்தனை பேர் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே பொருள் வாங்கி, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு சிறு பதார்த்தங்கள் சமைப்பார்கள். ஆறு, ஆறரைக்கு உட்கார வேண்டும். வந்து இறங்கிய பிறகு “நாங்கள் சைவம்” என்றால் அந்த நேரத்தில் சமையல்காரரால் செய்ய முடிவது வெள்ளைச் சோறும் கீரையும்தான். ஊறுகாயில்கூட மீன் சேர்ந்திருக்கலாம்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கினோசாகி ஜப்பான் கடலோரம், ஹியோகோ மாகாணத்தில் இருக்கிறது. அங்கே மாட்சுபா நண்டு சீசன் நவம்பர் 6இல் தொடங்கி மார்ச் வரை ஓடும். டிசம்பரில் ஜப்பானியர்கள் அந்த ஊருக்குப் போவதே பாதி நண்டுக்காகத்தான். விடுதிகளின் கட்டணமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஆக, நீங்கள் தொடாத நண்டுக்கு நால்வருக்கும் சேர்த்துப் பணம் கட்டப் போகிறீர்கள். அந்த ஏஜென்ட் இதைச் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். விலை ஏற ஏற அவருடைய கமிஷனும் ஏறும்.

அடுத்தது தாஷி. ஜப்பானிய சமையலின் அடித்தளச் சாறு இதுதான். பெரும்பாலும் கட்சுவோபுஷியிலிருந்து எடுப்பார்கள்: நம் தென்கடலோரத்திலும் இலங்கையிலும் போடும் மாசிக் கருவாடு மாதிரி, சூரை வகை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டையாகக் காயவைத்துச் சீவியது. சில ஊர்களில் காய்ந்த நெத்திலி வகை மீன். மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப், வேகவைத்த காய்கறி, டோஃபு (சோயா பனீர்) மேல் ஊற்றும் குழம்பு, பஜ்ஜி மாதிரியான டெம்புரா தொட்டுக்கொள்ளும் சாறு, சோபா நூடுல்ஸின் சாறு என்று எல்லாவற்றிலும் இது போகும். கண்ணுக்கு மீன் தெரியாது. சமையல்காரர் உங்களை ஏமாற்றுவதில்லை. இறைச்சித் துண்டோ மீன் துண்டோ இல்லாவிட்டால் அது காய்கறிப் பதார்த்தம் என்றே அவர் பழகியிருக்கிறார். அதனால் ‘சைவம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. “இறைச்சி, மீன், நண்டு, முட்டை வேண்டாம், கட்சுவோபுஷி, காய்ந்த மீன் சேர்த்த தாஷியும் வேண்டாம், ‘கொம்பு’ என்ற கடற்பாசி, ஷீடாக்கே காளான் தாஷி என்றால் சரி, முடியுமா, முடியாதா?” என்று மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானிய மொழியில் போட்டு, விடுதிக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்புங்கள். “முடியாது, மன்னிக்கவும்” என்று பதில் வந்தால் கோபப்படாதீர்கள். “பார்த்துக்கொள்கிறோம்” என்று மழுப்புகிற ஏஜென்டை விட அந்த விடுதிக்காரர் எவ்வளவோ மேல்.

சைவ உணவகங்களுக்கென்று ஜப்பான் அரசு 2022இல் ஒரு தரநிலையே வகுத்தது. இன்னொரு பக்கம், நகரங்களில் கூட்டம் தாங்கவில்லை, கிராமப்புறம் போங்கள் என்று சுற்றுலாப் பயணிகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கூப்பிட்ட இடத்தில் வயதான தம்பதி இரண்டு உதவியாட்களை வைத்து விடுதி நடத்துகிறார்கள். மின்னஞ்சல் பார்ப்பதே வாரத்தில் இரண்டு நாள்தான் என்பது போல இருக்கும். தரநிலைப் பத்திரம் அந்த அடுப்பங்கரைக்கு எப்போது போய்ச் சேருமோ, தெரியாது.

சரி, வழியே இல்லையா? ஒன்று இருக்கிறது. உங்கள் குடும்பத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருப்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வாகாயாமா மாகாணத்தில் கொயாசான் என்று ஒரு மலை. கூக்காய் என்ற துறவி 816இல் நிறுவிய பௌத்தத் தலம். ஐம்பதுக்கு மேற்பட்ட கோயில்கள் அங்கே யாத்ரீகர்களுக்கு அறை தருகின்றன. பாய் விரித்த அறை, தரையில் மெத்தை, யுகாத்தா என்ற மெல்லிய பருத்தி அங்கி, இரண்டு வேளைச் சாப்பாடு என எல்லாம் கிட்டத்தட்ட ரியோகான் போலவே. சாப்பாடு மட்டும் துறவிகள் வழக்கப்படி ‘ஷோஜின் ரியோரி’. இறைச்சி, மீன், முட்டை இல்லை. வெங்காயம், பூண்டு வகையறாவும் இல்லை. தாஷி எடுப்பது ‘கொம்பு’ கடற்பாசியிலும் காளானிலும். எள்ளு டோஃபு அங்கே பிரசித்தம். உறைய வைத்து உலர்த்திய டோஃபுவுக்கு அந்த மலையின் பெயரே வைத்துவிட்டார்கள். ஆனால் அங்கே பெரும்பாலான கோயில்களில் குளியலறைத் தண்ணீர் காய்ச்சிய சாதாரண நீர்தான். உண்மையான வெந்நீர் ஊற்று நீர் வேண்டுமென்றால் ஃபுகுச்சி-இன் என்ற கோயிலைப் பாருங்கள். அங்கும் பொதுக் குளியல்தான், ஆண் பெண் தனித்தனி. ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து ‘நான்காய்’ நிறுவனத்தின் ரயில், கடைசியில் கேபிள் கார், இரண்டு மணி நேரத்துக்குள் மேலே போய்விடலாம். மலை சுமார் 800 மீட்டர் உயரம், டிசம்பரில் நடைபாதைகூடச் சில்லிடும், காலை ஆறு மணிவாக்கில் பூஜை. அப்பாவுக்கு முழங்கால் வலி இருந்தால், சாப்பிட நாற்காலி கிடைக்குமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். இன்னொன்று, டோக்கியோவிலோ கியோட்டோவிலோ ‘ஷோஜின்’ என்று போட்ட உணவகங்களிலெல்லாம் தாஷி சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள்; அங்கும் கேட்டுத்தான் உட்கார வேண்டும்.

இல்லை, கினோசாகிதான் என்றால், உணவில்லாமல் அறை மட்டும் கேளுங்கள். ‘சுடோமாரி’ என்பார்கள். நண்டு சீசனில் எல்லோரும் தர மாட்டார்கள், கேட்பதில் தப்பில்லை. கொதிநீர் விட்டால் தயாராகும் உப்புமா பாக்கெட்டுகள் எடுத்துப் போங்கள். அறையில் கெட்டில் இருக்கும். பச்சைக் கறிவேப்பிலை, பழம், அரிசி வேண்டாம், விமான நிலையத்தில் தாவரச் சோதனையில் மாட்டுவீர்கள். அறையில் அடுப்பு மூட்டும் எண்ணமும் வேண்டாம்.

அம்மாவின் குளியல். நீச்சல் உடையோடு இறங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கினோசாகியின் புகழே ஊரிலுள்ள ஏழு பொதுக் குளியல் மண்டபங்கள். அம்மாவுக்கு அவற்றால் பயனில்லை. ஏஜென்ட் சொல்லும் ‘ப்ரைவேட்’ எது என்று கேளுங்கள். அறையோடு சேர்ந்த தொட்டியா, அல்லது முக்கால் மணி நேரம்போலக் கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு குடும்பம் குளிக்கும் ‘கஷிகிரி’ அறையா? முதலாவது விலை அதிகம். ஆனால் அறைத் தொட்டியில் வருவது ஊற்று நீர்தானா என்றும் கேட்டுவிடுங்கள், சில இடங்களில் குழாய் நீரைச் சூடாக்கித் தருவார்கள். 2004இல் நாகானோவின் ஷிராஹோனே ஊரில் குளியல் பொடி கலந்து தண்ணீரை ஊற்று நீர்போல வெள்ளையாக்கியது அம்பலமாகிப் பெரிய கூத்து நடந்தது. அதற்கு அப்புறம்தான் ஊற்று நீரில் வேறு நீர் கலக்கிறார்களா, சூடேற்றுகிறார்களா, சுழற்சி செய்கிறார்களா என்று எழுதி மாட்டச் சட்டம் வந்தது. உடை மாற்றும் அறையில் அந்த அறிவிப்பு இருக்கும், செயலியில் படம் எடுத்துப் படிக்கலாம்.

அப்பாவுக்கு ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். தண்ணீர் 40 டிகிரிக்கு மேலேயே இருக்கும். பொதுக் குளியலுக்குப் போனால் வாசல் திரையை ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்லுங்கள். பல விடுதிகளில் ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் மறுநாள் காலை இடம் மாறிவிடும்.

விடுதியின் பதில் கைக்கு வந்த பிறகு ரத்து விதிகளையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள். நாள் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் ஏறும், அன்றைக்கே ரத்து என்றால் பெரும்பாலும் முழுத் தொகையும் போய்விடும். ஆளுக்குச் சுமார் 150 யென் குளியல் வரி தனியாக விடுதியில் கேட்பார்கள், அது மோசடி இல்லை.