மஞ்சிட்டிச் சிவப்பு இரண்டு சலவையில் வெளுப்பது ஏன்?

கேள்வி: கைத்தறிப் பருத்தித் துணியில் மஞ்சிட்டிச் சாயம் போட்டு குர்தா தைத்து விற்கத் தொடங்கியிருக்கிறேன். படிகாரம் போட்டும் இரண்டே சலவையில் சிவப்பு வெளுத்து, திட்டுத் திட்டாகிவிடுகிறது. சாயப்பொடி சரியில்லையா?

பதில்: பொடியைச் சந்தேகிக்கும் முன் துணியைப் பாருங்கள். தறியில் பாவு நூல் (நீளவாக்கில் ஓடும் நூல்) அறுந்து போகாமலிருக்கக் கஞ்சி போடுவார்கள், அதில் கொஞ்சம் எண்ணெயும் சேர்வது வழக்கம். பருத்திக்கே உரிய மெழுகும் நூலில் இருக்கும். இவை போகாமல் சாயம் போட்டால், நிறம் நூலுக்குள் இறங்காமல் கஞ்சியின் மேல் உட்காரும். முதல் சலவையில் கஞ்சி கரையும்போது சாயமும் சேர்ந்து போகும். கஞ்சி எங்கே கனமாக இருந்ததோ அங்கேதான் திட்டு விழும்.

கீழே உள்ள அளவுகள் 1 கிலோ உலர்ந்த துணிக்கு. நடுத்தரக் கனமுள்ள, 110 செ.மீ. அகலத் துணியென்றால் ஏறக்குறைய 7 மீட்டர், மூன்று குர்தா.

துணியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். 25 முதல் 30 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் சலவைச் சோடா, 10 கிராம் சோப்பு கரைத்து ஒரு மணி நேரம் வேகவையுங்கள். தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்துக்கு வரும். அலசி, உலர்ந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பட்டதும் உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் இன்னொரு முறை வேகவையுங்கள். இந்தச் சோதனையில் தேறாத துணிக்கு அடுத்த வேலை எதுவும் செய்யாதீர்கள்.

இரண்டாவது தவறு, கடுக்காயை விட்டுவிட்டு நேராகப் படிகாரத்துக்குப் போவது. சாயத்தை நூலோடு பிணைப்பது படிகாரம். பட்டும் கம்பளியும் அதைத் தாமாகப் பிடித்துக்கொள்ளும், பருத்தி எளிதில் பிடிக்காது. நடுவே கடுக்காயின் துவர்ப்பு வேண்டும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பூத்துணிகளின் சிவப்பும் இப்படி வந்ததுதான்: முதலில் கடுக்காய், பிறகு படிகாரம், கடைசியில் சாயவேர் (மஞ்சிட்டியைப் போலச் சிவப்பு தரும் வேறொரு வேர்). கொட்டை நீக்கிய கடுக்காய்ப் பொடி 200 கிராம் எடுத்து வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். அதில் துணியை நான்கைந்து மணி நேரம் வைத்து, அலசாமல் பிழிந்து காயப்போடுங்கள். இளமஞ்சளாக வரும். இரும்புச் சட்டியோ துருப்பிடித்த வாளியோ பட்டால் அந்த இடம் சாம்பலாகக் கறுத்துவிடும், பிறகு எடுப்பது கடினம்.

படிகாரம் 150 கிராமை வெந்நீரில் கரைத்து, தனியே கரைத்த 20 கிராம் சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பொங்கும், அதனால் உயரமான பாத்திரம் நல்லது. சோடா புளிப்பைக் குறைப்பதால் படிகாரத்தின் அலுமினியம் நூலுக்கு எளிதில் மாறுகிறது. இரவு முழுக்க ஊறவைத்து, காயவைத்து, பிறகு இரண்டு மூன்று தண்ணீரில் நன்றாக அலசுங்கள். பலர் இந்த அலசலை மிச்சம் பிடிக்கிறார்கள். நூலில் ஒட்டாமல் தங்கிய படிகாரம் சாயத் தண்ணீரில் கரைந்து சாயத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். அந்த நிறம் துணிமேல் தூளாகப் படிந்து, சலவையில் உதிரும்.

சாயத்துக்கு மஞ்சிட்டிப் பொடி 500 கிராம். முதல் நாளே ஊறவைத்து, துணியைப் போட்டு, ஒரு மணி நேரத்தில் மெல்ல 65 டிகிரிக்கு ஏற்றி, இன்னொரு மணி நேரம் அதிலேயே நிறுத்துங்கள். கொதிக்கவிட்டால் சிவப்பில் பழுப்பு கலக்கும். துணி பாத்திரத்தில் தாராளமாகப் புரள வேண்டும். மடித்து அமுக்கினால் மடிப்புக் கோடு அப்படியே பதியும். இரும்புச்சத்துள்ள போர்த் தண்ணீரில் நிறம் மங்கும். அந்தத் தண்ணீரைத் தவிருங்கள்.

விற்கும் முன் ஒரு துண்டை ஐந்து முறை துவைத்து, பாதியை அட்டையால் மூடி ஒரு வாரம் வெயிலில் வையுங்கள். எலுமிச்சை, புளி பட்டால் மஞ்சிட்டிச் சிவப்பு ஆரஞ்சாகத் திரியும் என்பதையும், பூந்திக்கொட்டை அல்லது காரமில்லாத சோப்பு போதும் என்பதையும் சீட்டில் எழுதி உடையோடு கொடுங்கள். நிறத்தை மாற்ற மயில்துத்தமோ பொட்டாசியம் டைகுரோமேட்டோ சேர்க்கச் சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் கழிவுநீரை ஊற்ற இடமில்லை. டைகுரோமேட் உங்கள் தோலுக்கும் நஞ்சு.

வெட்டுவதைச் சாயத்துக்குப் பிறகே வைத்துக்கொள்ளுங்கள். வேகும்போதே துணி சுருங்கிவிடுவதால் அளவு பிறகு பெரிதாக மாறாது. உடலும் கையும் ஒரே பாத்திரத்தில் சாயமேறிய துணியிலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் நிறம் சேராது. பழைய கலிக் குர்தாவின் வெட்டு இதற்கு மிகவும் ஏற்றது: முன்னும் பின்னும் ஒரே நீள்பட்டை, நீள்சதுரக் கைகள், ஒரு நீள்சதுரத்தை மூலைவாட்டில் வெட்டி இரண்டு கலிகள் (பக்கவாட்டில் விரிவு தரும் துண்டுகள்), கக்கத்துக்குச் சதுரத் துண்டு. கழுத்து வளைவைத் தவிர ஏதும் மிஞ்சாது. தறிக்கரையைப் பக்கத் தையலுக்குள் விட்டால் அந்த ஓரத்துக்கு ஓவர்லாக்கும் வேண்டாம். மீந்த சாயத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். அதில் இரண்டாவதாகப் போடும் துணி வெளிர் ஆரஞ்சாக வரும், கழுத்துப் பட்டிக்கு நன்றாகப் பொருந்தும்.