ஜிபிஎஸ் இருக்கிறதே, ககன் எதற்கு?

மீனம்பாக்கம் வாசகர்: ஜிபிஎஸ் இருக்கும்போது ககன் என்று தனியாக ஒன்று எதற்கு? அதற்கு ஏன் இத்தனை வருஷம் பிடித்தது?

ஜிபிஎஸ் நாம் இருக்கும் இடத்தைச் சொல்லும், ஆனால் அதன் செயற்கைக்கோள் ஒன்று திடீரென்று தப்பாகச் சொல்ல ஆரம்பித்தால் அதை உடனே நமக்குச் சொல்ல ஆள் கிடையாது. காரில் போகிறவருக்கு அது பெரிய விஷயமில்லை, மேகத்துக்குள் ஓடுபாதையை நோக்கி இறங்கும் விமானிக்கு உயிர்ப் பிரச்சினை. அதற்காகத்தான் ககன், ஜிபிஎஸ்ஸைத் திருத்திக் கண்காணிக்கும் நம் நாட்டு அமைப்பு: திருவனந்தபுரம், பெங்களூரு, போர்ட் பிளேர் என்று நாடு முழுக்க 15 தரை நிலையங்கள் ஜிபிஎஸ் எவ்வளவு பிசகுகிறது என்று ஓயாமல் அளக்கின்றன. அதைப் பெங்களூருவில் கணக்குப் போட்டு, திருத்தத்தையும் 'இந்தச் செயற்கைக்கோளை நம்பாதே' என்ற எச்சரிக்கையையும் ஜிசாட் என்ற நம் செயற்கைக்கோள்கள் வழியாக விமானத்துக்கு அனுப்புகிறார்கள். துல்லியத்தைவிட அந்த எச்சரிக்கைதான் முக்கியம் என்பேன், அதுவும் சில விநாடிகளுக்குள் போய்ச் சேர வேண்டும்.

தாமதத்துக்கு முக்கியக் காரணம் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நாட்டின் தென்முனையை ஒட்டிப் போகிறது, அதனால் இங்கே அயனி மண்டலம், அதாவது வானத்தின் உயரத்தில் மின்துகள்கள் நிறைந்த அடுக்கு, ஒரு நிலையில் நிற்காது. பகலில் மின்துகள்கள் மேலே எழும்பி வடக்கே அகமதாபாத், கொல்கத்தா பக்கம் போய்க் குவியும், பொழுது சாய்ந்த பிறகு அதில் குமிழிகள் கிளம்பி சிக்னலையே நடுங்க வைக்கும். ககன் போலவே ஜிபிஎஸ்ஸைத் திருத்த 2003-ல் அமெரிக்கா இயக்கத்துக்குக் கொண்டுவந்த வாஸ் அமைப்பின் கணக்கு இந்த வானத்துக்குப் போதவில்லை. அதனால் இஸ்ரோ நம் வானத்துக்கென்றே தனி மாதிரி போட வேண்டியிருந்தது, அதற்கு நிறையத் தரவு சேர்க்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு பெரிய அடி வேறு: ககன் கருவியைச் சுமந்த ஜிசாட்-4, 2010 ஏப்ரல் 15 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, ராக்கெட் கோளாறால் வங்கக் கடலில் விழுந்தது. அடுத்த வருஷம் ஜிசாட்-8 போன பிறகுதான் வேலை சூடு பிடித்தது. விமானப் பாதைக்கான சான்று 2013 டிசம்பர் 30, இறங்குவதற்கு வழிகாட்டும் சான்று 2015 ஏப்ரல் 21. விமானப் போக்குவரத்து இயக்ககம் அவசரப்படாமல் சோதித்துச் சான்று தந்தது சரியான காரியம்.

கிண்டி வாசகர்: கத்திப்பாரா மேம்பாலத்துக்குக் கீழே போகிறேன், போன் மேலே போவதாகக் காட்டுகிறது. ககன் இதைச் சரிசெய்யுமா?

செய்யாது. அங்கே சிக்னல் கான்கிரீட்டில் மறைந்தும் பட்டுத் திரும்பியும் வருகிறது. ககன் திருத்துவது செயற்கைக்கோளின் கடிகாரம், அதன் பாதை, அயனி மண்டலம் ஆகியவற்றால் வரும் பிழையை மட்டும்.

காசிமேடு வாசகர்: ககன் விமானத்துக்குத்தானே, மீனவர்கள் எங்களுக்கு என்ன பிரயோஜனம்?

இருக்கிறது. 2019-ல் ஜெமினி என்ற சின்னக் கருவி வந்தது. செல்போன் டவர் எட்டாத ஆழ்கடலிலும் ககன் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கை, மீன் கிடைக்கும் இடம் பற்றிய தகவல் எல்லாம் அதற்கு வரும், அது ப்ளூடூத்தில் உங்கள் போனுக்கு அனுப்பும். ஆனால் ஒரு குறை, இது ஒருவழிப் பாதைதான்: கரையிலிருந்து உங்களுக்குச் சொல்லலாம், படகில் ஆபத்து என்று நீங்கள் அதில் கரைக்குச் சொல்ல முடியாது. ஆகவே ஜெமினி இருக்கிறது என்று அபாயச் செய்தி அனுப்பும் கருவியை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், இரண்டும் படகில் இருக்கட்டும்.