பிரேக்கில் ஏர் எடுப்பது: கேள்வி பதில்

கும்பகோணத்துத் தம்பி: அண்ணே, பிரேக் பெடல் மெத்தென்று இறங்குகிறது. இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால்தான் பிடிக்கிறது. ஏர் எடுத்தால் போதுமா?

பிரேக் குழாயில் இருக்கும் ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் காற்று இருந்தால் உங்கள் கால் பலமெல்லாம் அதை அமுக்குவதிலேயே போய்விடும். அந்தக் காற்றை வெளியேற்றுவதுதான் ஏர் எடுப்பது. பின் சக்கர டிரம்மில் (சக்கரத்தோடு சுழலும் கிண்ணம்) உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் ஷூ தேய்ந்து இடைவெளி கூடினாலும் இப்படித்தான் இருக்கும். அதையும் கழற்றிப் பாருங்கள். காற்று சும்மா உள்ளே வராது. நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் மாஸ்டர் சிலிண்டரின் (பெடல் மிதிக்கும்போது ஆயிலைக் குழாய்க்குள் தள்ளும் உருளை) அடியையும் விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பு இருந்தால் முதலில் கசிவைச் சரிசெய்யுங்கள். அழுத்திப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்லத் தரைக்கு இறங்கி, வெளியே கசிவும் இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் உள் வாஷர் போய்விட்டது. அந்த வண்டியைத் தெருமுனை வரைகூட ஓட்டாதீர்கள். தை மாதம் சாலையில் பாதிவரை நெல் காயும் நாட்களில் இந்த விஷப்பரீட்சை வேண்டவே வேண்டாம்.

மன்னார்குடி வாசகர்: வீட்டில் எடுக்கும் முறை என்ன?

துணைக்கு ஓர் ஆள் வேண்டும். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்குவார்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதுவே சரி.

நிப்பிளில் (ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கிலும் ஏர் எடுக்க இருக்கும் சிறு திருகு) ரிங் ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் கண்ணாடிபோல் தெரியும் டியூபைச் செருகி, மறுமுனையைப் புது ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவிடுங்கள். உள்ளே இருப்பவர் மிதித்துப் பிடித்து "பிடித்தேன்" என்று குரல் கொடுத்ததும் நிப்பிளைக் கால் சுற்றுத் திறவுங்கள். பழுப்பு ஆயில் பீறிட்டு வரும், நடுநடுவே பொடிக் குமிழிகள் ஓடும். நிப்பிளை மூடி "விடு" என்று நீங்கள் சொன்ன பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் வெளிக்காற்றை உறிஞ்சிவிடும். குமிழி நின்று தெளிந்த ஆயில் வரும்வரை இதையே செய்யுங்கள். பழைய வண்டியென்றால் பெடலுக்கு அடியில் மரத்துண்டு வையுங்கள். வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினால் வாஷர் கிழியக்கூடும். மாஸ்டர் சிலிண்டருக்கு மேலே உள்ள டப்பாவில் ஆயில் வற்றவே விடக்கூடாது. வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

நாகப்பட்டினம் வாசகர்: நிப்பிள் திரும்பவே இல்லை.

உப்புக்காற்றின் வேலை. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிட்டு, லேசாகத் தட்டித் திருப்புங்கள். முரட்டுத்தனம் காட்டினால் ஒடிந்துவிடும். பிறகு நிப்பிள் பொருந்தியிருக்கும் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) வரை செலவு இழுக்கும்.

திருவாரூரிலிருந்து ஒரு அம்மா: கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரைக் கடந்ததும் பிரேக் பிடிக்கவில்லை, ஐயா. ஆயில் கெட்டுவிட்டதா?

இல்லை அம்மா, பிரேக்கில் உரசும் பரப்பான லைனிங் நனைந்திருக்கும். மெதுவாக ஓட்டியபடி பெடலை லேசாக அழுத்தி அழுத்தி விடுங்கள், காய்ந்துவிடும். ஆனால் பிரேக் ஆயில் தானாகவே ஈரத்தை இழுக்கும். டாட் 3 (பிரேக் ஆயிலின் தர எண்) ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். பிரேக் சூட்டில் கொதித்தால் மறுபடி குழாயில் குமிழிதான். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

மயிலாடுதுறை வாசகர்: அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றலாமா?

கூடவே கூடாது. ரப்பர் வாஷர்கள் ஊதிப்போய் மொத்த பிரேக்கும் பாழாகும். வண்டியின் ஆயில் டப்பா மூடியில் எழுதியிருக்கும் டாட் எண்ணைப் பார்த்து, சீல் உடைக்காத டப்பா வாங்குங்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வடித்த ஆயிலைக் கொல்லை வாய்க்காலில் கொட்டாதீர்கள், அது வயலுக்குப் போகிற தண்ணீர். பாட்டிலில் அடைத்துப் பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.