பதில்: ஒரே வகை மரம், காற்று மாசு தாங்குதிறன் குறியீடு (APTI) சாலையில் 9, பூங்காவில் 12 வந்திருக்கிறது, எங்கே தவறு என்று கேட்டிருந்தீர்கள்.

சூத்திரம் சரிதான்: அ × (ப + பிஎச்) + நீ, மொத்தத்தையும் 10ஆல் வகுக்க வேண்டும். அ அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி), ப மொத்தப் பச்சையம் (இரண்டும் ஒரு கிராம் இலைக்கு மில்லிகிராமில்), பிஎச் இலைச்சாற்றின் அமில-காரத் தன்மை, நீ ஒப்பு நீர்ச்சத்து (இலை முழுக்க நிறைந்தால் கொள்ளும் நீரில் இப்போது இருக்கும் பங்கு) சதவீதத்தில்.

எனக்குச் சந்தேகம் இலை கொண்டுவந்த விதத்தில்தான். சாலையில் காலை 7 மணிக்குப் பறித்தது ஆய்வகம் வர மதியமாகிவிட்டது என்கிறீர்கள். பூங்கா இலை அரை மணியில் வந்துவிட்டது. வழியில் வாடி நீர்ச்சத்து 85இலிருந்து 70க்கு இறங்கினால் அதிலேயே 1.5 போய்விடும். அஸ்கார்பிக் அமிலமும் வெப்பத்தில் வேகமாகச் சிதையும். ப 1.5, பிஎச் 6 என்றால் 1 மில்லிகிராம் குறைந்தாலே 0.75 சரிவு.

பறித்ததும் பையை மூடி ஐஸ் பெட்டியில் வையுங்கள். நீர்ச்சத்துக் கணக்குக்கு ஈர எடையை (பறித்த நிலையில் இலையின் எடை) முதலில் எடுங்கள். அஸ்கார்பிக் அமிலத்துக்கு இலையை ஆக்சாலிக் அமிலக் கரைசலில் உடனே அரையுங்கள். நிறைநீர் எடைக்கு (இலை நீரை முழுக்க உறிஞ்சிய பின் உள்ள எடை) இலையை 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, மேற்பரப்பு ஈரத்தை ஒற்றியெடுத்த பிறகே நிறுக்க வேண்டும். பலர் சொதப்புவது இங்கேதான்.

இரண்டு இடத்திலும் ஒரே உயரத்தில், வெயில் படும் பக்கத்து முதிர்ந்த இலைகளையே பறியுங்கள். தளிர் கலந்தால் பச்சைய அளவு மாறிவிடும்.

இன்னொன்று: இந்தக் குறியீடு மரத்தின் தாங்குதிறனைச் சொல்வது, காற்றிலுள்ள மாசின் அளவை அல்ல. மீண்டும் அளந்தும் 9 வந்தால் மாசுதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். சாலையோர மரத்துக்குத் தண்ணீர் போதாமலும் இருக்கலாம்.