பத்தாம் வகுப்பா, டென்னிஸா: கோத்தகிரிப் பெற்றோருக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா. நீங்கள் கேட்டவை இரண்டு. மகளைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தி முழுநேரமும் டென்னிஸ் ஆட விடலாமா? அதற்காகத் தேயிலை நிலத்தை அடமானம் வைக்கலாமா? இரண்டுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். டென்னிஸையே விட்டுவிடச் சொல்கிறேன் என்று அவளிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

பெண்களுக்கான தொழில்முறைப் போட்டிகளில் மிகக் கீழ்ப்படி டபிள்யூ15 எனப்படும் போட்டி. மொத்தப் பரிசே 15,000 டாலர்தான். அதை ஒற்றையர், இரட்டையர் எல்லாருக்கும் பிரிக்க வேண்டும். முதல் சுற்றில் தோற்றால் கைக்கு வருவது 150 டாலருக்குச் சற்றுக் குறைவு, நம் பணத்தில் பன்னிரண்டாயிரம் சொச்சம். கோப்பையையே வென்றாலும் சுமார் இரண்டு லட்சம். இதற்குள் ரயிலோ விமானமோ, ஒரு வாரம் ஹோட்டல், சாப்பாடு, ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் எல்லாம் அடங்க வேண்டும். பதினைந்து வயதுப் பெண்ணைத் தனியே அனுப்ப மாட்டீர்கள், கூட ஒருவர் போக வேண்டும். பெரும்பாலான வாரங்களில் கைக்காசு போகும்.

அப்புறம் ரேங்கிங், அதாவது உலகத் தரவரிசை. டபிள்யூ15 வென்றால் 15 புள்ளி. ஒற்றையர் பட்டியலுக்கு ஓராண்டில் சிறந்த 18 போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டுவார்கள். பதினெட்டையும் வென்றால்கூட 270தான். முதல் இருநூறுக்குள் வர முந்நூறுக்கு மேல் தேவைப்படும். அதனால் டபிள்யூ35, டபிள்யூ50 என்று மேலே ஏறியே ஆக வேண்டும், அங்கே எதிராளிகள் வேறு தரம். ஓராண்டு ஆனதும் பழைய புள்ளிகள் கழன்றுவிடும். காயம்பட்டு ஆறு மாதம் வீட்டில் இருந்தால் ரேங்கிங் தானாகச் சரியும்.

இத்தனைக்கும் ஏன் ஆடுகிறார்கள்? ஏறக்குறைய 230-ஆம் இடத்துக்குள் வந்துவிட்டால், டென்னிஸின் மிகப் பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களின் தகுதிச் சுற்றில் இடம் கிடைக்கும். 2025 ஆஸ்திரேலிய ஓப்பனில் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கே 35,000 ஆஸ்திரேலிய டாலர், வரிக்கு முன் கிட்டத்தட்ட 19 லட்சம் ரூபாய். ஆண்டுக்கு நான்கு கிராண்ட்ஸ்லாம். 400-ஆம் இடத்தில் இருப்பவருக்கு இதில் எதுவும் இல்லை. நூற்றுக்கணக்கான பெண்கள் அந்தக் கோட்டுக்குச் சற்று வெளியே நின்று ஆண்டுக்கணக்கில் செலவழிக்கிறார்கள். உங்கள் மகள் நுழையப் போவது அந்தக் கூட்டத்துக்குள்தான்.

கோவைப் பெண் மாயா ராஜேஷ்வரனைச் சொல்லியிருந்தீர்கள். 2025 பிப்ரவரியில் டபிள்யூ15-ஐவிடப் பல படி மேலான மும்பை டபிள்யூடிஏ 125 போட்டியில், பதினைந்து வயதில், அரையிறுதி வரை வந்தவர். பெருமையான விஷயம், சந்தேகமில்லை. ஆனால் அவரை அளவுகோலாக வைக்காதீர்கள். பல ஆண்டுகள் இந்தியாவின் முன்னணி ஒற்றையர் வீராங்கனையாக இருந்த அங்கிதா ரைனா எட்டிய உச்சம் 160. சானியா மிர்சா 27 வரை போனார், முதலிடம் பிடித்தது இரட்டையரில். அதனால் இரட்டையரையும் விடாமல் ஆடச் சொல்லுங்கள். நம் ஊர்களில் அதை யாரும் மதிப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம்தான்.

மலைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கோத்தகிரி 1,700 மீட்டருக்கு மேல். காற்று மெலிந்திருப்பதால் பந்து வேகமாகப் பறக்கும், அதிகம் எகிறும். 1,219 மீட்டருக்கு மேல் ஆட உயரப் பகுதிக்கான தனிப் பந்து உண்டு என்று சர்வதேச டென்னிஸ் விதிகளே சொல்கின்றன. இங்கே சாதாரணப் பந்தில் பழகிய பெண் சென்னைப் புழுக்கத்தில் இறங்கினால் பந்து கனமாக வரும், நேரம் தப்பும். இங்குள்ள கிளப்பில் எல்லாரையும் ஜெயிக்கிறாள் என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கீழே ஆடிய முடிவுகளை மட்டும் எழுதி வையுங்கள். ஜூனில் தொடங்கும் மழையும் மூடுபனியும் எத்தனை நாள் கோர்ட்டை மூடவைக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். பத்தாவது முடிந்ததும் கோவையில் உறவினர் வீடோ விடுதியோ பார்த்து அங்கேயே பதினொன்றாம் வகுப்பில் சேர்ப்பது நல்லது. தினமும் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுவது பிள்ளையின் முதுகுக்கும் ஆகாது, படிப்புக்கும் ஆகாது.

எனக்குச் சரியாகப் படும் வழி அமெரிக்கக் கல்லூரி. அங்கே டிவிஷன் ஒன் என்ற, கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவில் உள்ள பல கல்லூரிகள் பெண்கள் டென்னிஸுக்கு முழு உதவித்தொகை தருகின்றன: கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, கோச், போட்டிப் பயணம் எல்லாம் சேர்த்து. டெக்சஸில் சாம் ஹியூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆடிய சஹஜா யமலபள்ளி திரும்பி வந்து தொழில்முறையில் இறங்கி, நாடுகளுக்கு இடையிலான பெண்கள் போட்டியான பில்லி ஜீன் கிங் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார். இருபத்திரண்டு வயதில் பட்டத்தோடு தொடங்கினால் தாமதம் இல்லை. ஆனால் அவர்கள் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மதிப்பெண் பார்ப்பார்கள், யூடிஆர் என்ற ஆட்டத் தரப்புள்ளியையும் பார்ப்பார்கள். பரிசுப் பணம் வாங்குவதற்கும் பள்ளி முடித்தபின் இடைவெளி விடுவதற்கும் விதிகள் உண்டு, முன்னதாகவே விசாரியுங்கள். பள்ளியை நிறுத்தினால் முதலில் மூடுவது இந்தக் கதவு.

அது அமையாவிட்டால் தமிழ்நாட்டில் விளையாட்டு ஒதுக்கீட்டில் பொறியியல் இடம், அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு, ரயில்வே, பயிற்சியாளர் படிப்பு என்று இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வேண்டும். மாநில, தேசியப் போட்டிச் சான்றிதழ்களைப் பத்திரமாக ஒரே கோப்பில் வையுங்கள்.

நிலத்தைத் தொட வேண்டாம். பச்சைத் தேயிலை விலை இருக்கும் நிலையில் அந்தக் கடனைத் தேயிலையும் அடைக்காது, டபிள்யூ15-உம் அடைக்காது. இந்த ஆண்டு டென்னிஸுக்கு எவ்வளவு வரை போனால் தாங்கும் என்று நீங்களும் அவள் அப்பாவும் உட்கார்ந்து ஒரு தொகை குறியுங்கள். பொதுத்தேர்வு முடிந்த வாரம் அவளையும் கூட்டிக்கொண்டு குன்னூர் வாருங்கள். கீழே ஆடிய போட்டிகளின் முடிவுகளும் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் கையில் இருக்கட்டும்.