டேப்பா, ஸ்பேஸா: எடிட்டர் உதவிக் குறிப்பு எழுதுபவர்களுக்குப் பதில்கள்

விம், விஎஸ் கோடு என்ற நிரல் எழுதும் எடிட்டர்கள் இரண்டுக்கும் தமிழில் உதவிக் குறிப்பு எழுதும் ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகள், உள்தள்ளல் (வரித் தொடக்கத்தில் இடம் விடுவது) பகுதி பற்றிக் கேட்டவை.

கீழக்கரை: அண்ணே, "டேப் அளவு" என்று ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் எழுதிவிடலாமா?

வேண்டாம் தம்பி, குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. மூன்றையும் பிரித்து எழுதுங்கள். கோப்பில் உள்ள டேப் திரையில் எவ்வளவு அகலமாகத் தெரிய வேண்டும் என்பது விம்மில் டேப்ஸ்டாப். ஒரு படி உள்ளே தள்ளினால் வரி எத்தனை கட்டம் நகரும் என்பது ஷிஃப்ட்வித். விசையை அழுத்தினால் கோப்பில் விழுவது டேப்பா ஸ்பேஸா என்பதைச் சொல்வது எக்ஸ்பாண்ட்டேப். முதல் இரண்டுக்கும் விம் கொடுக்கும் இயல்பு மதிப்பு 8, மூன்றாவது அணைந்திருக்கும்.

டேப்ஸ்டாப்பை மாற்றினால் ஏற்கெனவே உள்ள கோப்பில் ஒரு பைட்டும் மாறாது, பார்வை மட்டுமே மாறும். இதை அந்த அமைப்பின் பக்கத்திலேயே எழுதுங்கள். அதோடு, டேப்ஸ்டாப் 8 என்றால் ஒவ்வொரு டேப்பும் 8 கட்டம் என்று அர்த்தமில்லை. அடுத்த 8-இன் மடங்கு வரை போகும், அவ்வளவுதான். வரித் தொடக்கத்தில் மூன்று ஆங்கில எழுத்து அடித்துவிட்டு டேப் தட்டினால் 5 கட்டமே நகரும். "அகலம் 8" என்று மட்டும் எழுதினால், படிப்பவர் 11 என்று கணக்குப் போடுவார்.

பாம்பன்: விஎஸ் கோடில் 2 என்று வைத்தும் சில கோப்புகளில் 4 ஆகவே வருகிறது.

உள்தள்ளலைத் தானே கண்டறியும் டிடெக்ட் இன்டென்டேஷன் அமைப்பு இயல்பாகவே இயங்கும். கோப்பைத் திறந்ததும் உள்ளே இருப்பதைப் பார்த்து, உங்கள் அமைப்பை மீறிவிடும். அதை அணைக்கலாம், அந்தக் கோப்புக்கு மட்டும் என்றால் கீழே வலப்பக்கப் பட்டையில் உள்ள "ஸ்பேசஸ்: 4"-ஐச் சொடுக்கி மாற்றலாம். எது எதை மீறும் என்ற வரிசை இல்லாத உதவிக் குறிப்பு பாதிக் குறிப்புதான். விம்மிலும் இதே கதை: கோப்புவகை அமைப்பு இயங்கினால், பைத்தான் கோப்பைத் திறந்ததும் ஷிஃப்ட்வித் 4 ஆகிவிடும். மதிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க, "வெர்போஸ் செட் ஷிஃப்ட்வித்" என்று கட்டளை கொடுத்துக் கடைசியில் கேள்விக்குறி போடுங்கள். கடைசியாக அதை மாற்றிய கோப்பின் பெயரைக் காட்டும்.

தொண்டி: மீன் விலைப் பட்டியலை டேப் பிரித்த கோப்பாக வைத்திருக்கிறோம். விம்மில் திருத்தியபின் சீலா, கணவாய், நண்டு என்று புதிதாகச் சேர்த்த வரிகளில் பெயரும் விலையும் ஒரே பத்தியில் ஏறிவிட்டன.

எக்ஸ்பாண்ட்டேப் இயங்கியிருக்கிறது. நீங்கள் தட்டிய டேப் ஸ்பேஸாக விழுந்தது. படிக்கும் நிரலுக்கு அது பிரிப்பான் இல்லை. கண்ட்ரோல்-வி அழுத்திவிட்டு டேப் தட்டினால் உண்மையான டேப் விழும். அந்தக் கோப்புவகைக்கு நோஎக்ஸ்பாண்ட்டேப் வைப்பது இன்னும் நல்லது. எக்ஸ்பாண்ட்டேப் இருக்கும்போது ரீடேப் கட்டளையை இந்தக் கோப்பில் ஓட்டவே வேண்டாம். அது வரித் தொடக்கத்தை மட்டுமல்ல, நடுவில் உள்ள டேப்களையும் ஸ்பேஸாக்கும். நிரலில் மேற்கோள் குறிக்குள் இருக்கும் டேப்பையும் விடாது. இந்த எச்சரிக்கையைக் கட்டளையின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

மண்டபம்: திரையில் வரிகள் நேராகத்தான் நிற்கின்றன. பைத்தான் டேப்எரர் என்கிறது.

ஒரு வரியில் டேப், அடுத்ததில் ஸ்பேஸ். டேப் அகலத்தைப் பொறுத்து பொருள் மாறக்கூடிய கலவையை பைத்தான் 3 ஏற்காது. விம்மில் "செட் லிஸ்ட்" கொடுங்கள். இயல்பு அமைப்பில் டேப் ^I என்றும் வரிமுடிவு $ என்றும் தெரியும். நிரலைத் தொகுக்கும் கட்டளைகளை எழுதிவைக்கும் மேக்ஃபைலில் நேர்மாறு: கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும், ஸ்பேஸ் இருந்தால் "மிஸ்ஸிங் செபரேட்டர்" என்று நிற்கும். அமைப்புக் கோப்புகள் எழுதப் பயன்படும் யாமல் வடிவில் உள்தள்ளலுக்கு டேப் கூடவே கூடாது.

தங்கச்சிமடம்: அண்ணே, நிரல் வரிக்குப் பக்கத்தில் எழுதும் தமிழ்க் குறிப்புரைகளை ஸ்பேஸ் போட்டு ஒரே நேர்க்கோட்டில் நிறுத்த முடியவில்லை.

முடியாது தங்கச்சி, விட்டுவிடுங்கள். "தொண்டி" கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஆறு குறியீடு. அகலமும் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். உங்கள் கணினியில் நேராக நிற்பது இன்னொருவரிடம் கோணும். குறிப்புரையை நிரல் வரிக்கு மேலே தனி வரியாக எழுதுங்கள். உதவிக் குறிப்பின் எடுத்துக்காட்டுகளிலும் அப்படியே செய்யுங்கள்.

ஏர்வாடி: வரிக்கடைசி ஸ்பேஸ்களைச் சேமிக்கும்போதே நீக்கச் சொல்லலாமா?

நிரலுக்குச் சொல்லலாம். எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுனுக்கு வேண்டாம், அங்கே வரிக்கடைசியில் இரண்டு ஸ்பேஸ் என்றால் வரி முறிவு. பல எடிட்டர்களுக்கும் பொதுவாக அமைப்புகளை வைக்கும் எடிட்டர்கான்ஃபிக் கோப்பில் மார்க்டவுனுக்குத் தனிப் பகுதி போட்டு, வரிக்கடைசி ஸ்பேஸை நீக்கும் அமைப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள். விஎஸ் கோடில் அந்தக் கோப்பு வேலைசெய்ய நீட்சி ஒன்றை நிறுவ வேண்டும், அதையும் எழுதிவிடுங்கள்.